எண்பதில் தொடங்கிய நடுக்கம்

சில ஆண்டுகளுக்கு முன்னர் நாக்பூரில் பணியாற்றியபோது, தீபாவளி விடுமுறைக்குக் குடும்பத்துடன் காரிலேயே சேலம் செல்வதென்று முடிவு செய்தேன். தேசிய நெடுஞ்சாலை 44 ஹைதராபாத், பெங்களூரு வழியாக நேரே சேலத்துக்கு வந்துவிடுகிறது. வழி தேடும் வேலை இல்லை. ஆனால் மழைக்காலம் முடிந்ததிலிருந்தே வண்டியில் ஒரு நடுக்கம். மணிக்கு 80 கிலோமீட்டரைத் தொட்டதும் ஸ்டீயரிங் கையில் துடிக்கும். 95ஐத் தாண்டினால் சற்று அடங்கும்.

பணிமனைக்குச் சென்று, "வண்டி நடுங்குகிறது" என்று மட்டும் சொன்னேன். மாலையில் ஒரு மதிப்பீட்டுத் தாள் வந்தது. லோயர் ஆர்ம், டிரைவ் ஷாஃப்ட், இன்ஜின் மவுண்ட் என்று ஏறக்குறைய 28,000 ரூபாய். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. நான் கொடுத்த தகவல் அவ்வளவுதான். மறுநாள் எங்கள் கிளைக்குப் பணம் கொண்டுவரும் வாகனத்தின் ஓட்டுநரிடம் இதைச் சொன்னபோது, அவர் மூன்றே கேள்விகள் கேட்டார். எந்த வேகத்தில் நடுங்குகிறது? நடுக்கம் கையில் தெரிகிறதா, இருக்கையிலா? பிரேக்கை மிதித்தால் கூடுகிறதா?

இருப்பாய்வின் இரு பக்கமும் ஒத்துப்போகாதபோது, வேறுபாடு 9ஆல் வகுபடுகிறதா என்று பார்க்க வணிகவியல் வகுப்பில் கற்றுத்தந்தார்கள். வகுபட்டால், ஏதோ ஒரு தொகையில் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கக்கூடும். பிழை தன் அடையாளத்தைத் தொகையிலேயே விட்டுச்செல்கிறது. வண்டியின் நடுக்கத்துக்கும் இது பொருந்தும் என்பது அன்றுதான் எனக்கு விளங்கிற்று.

ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் தோன்றும் நடுக்கத்துக்குப் பெரும்பாலும் சக்கரமே காரணம். சக்கரத்தின் சுற்றெங்கும் எடை சமமாக இருக்க வேண்டும். 15 அங்குல ரிம்மின் ஓரத்தில் 20 கிராம் கூடினாலும், 100 கிலோமீட்டர் வேகத்தில் அது சுமார் 3 கிலோ எடைக்கு நிகரான விசையோடு சக்கரத்தை இழுக்கிறது. அதுவும் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 15 முறை. வேகம் இரு மடங்கானால் இவ்விசை நான்கு மடங்காகும். அதனால்தான் தெருவுக்குள் ஓட்டும்போது ஒன்றும் தெரிவதில்லை. துடிப்பு ஸ்டீயரிங்கில் தெரிந்தால் முன்சக்கரத்தையும், இருக்கையில் தெரிந்தால் பின்சக்கரத்தையும் முதலில் சந்தேகிக்கலாம்.

பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் மிதிகட்டையும் ஸ்டீயரிங்கும் அதிர்ந்தால் பிரேக் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். அதன் கனம் ஒரே சீராக இல்லாமற்போயிருக்கலாம். வண்டி நிற்கும்போது, குறிப்பாக ஏசி ஓடுகையில் நடுங்கினால், இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்டுகளோ ஸ்பார்க் பிளக்குகளோ காரணமாக இருக்கலாம். வேகமெடுக்கும்போது மட்டும் அதிர்ந்து, ஆக்ஸிலரேட்டரை விட்டதும் நின்றால் டிரைவ் ஷாஃப்ட்டின் இணைப்பைச் சோதிக்கச் சொல்லலாம். செலவு மிகுந்த பழுது இதுதான். எனவே இதைக் கடைசியாக ஆராய்வதே பணத்துக்கு நல்லது. பல நாள் நிறுத்திவைத்த வண்டியில் டயரின் அடிப்பகுதி தட்டையாகி, முதல் சில கிலோமீட்டர் மட்டும் அதிர்வது உண்டு. அதற்கு யாரும் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

என் வண்டியில் முன்சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தபோது, ஒரு ரிம்மின் உட்புறத்தில் மழைக்காலச் சேறு காய்ந்து கட்டியாக ஒட்டியிருந்தது. சுரண்டி எடுத்துவிட்டு, இரண்டையும் வீல் பேலன்சிங் செய்தார்கள். சில நூறு ரூபாயோடு நடுக்கம் அடங்கிற்று.

அத்துடன் கதை முடிந்திருந்தால் இக்கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன்.

பயணத்தன்று ஆதிலாபாதுக்குச் சற்று முன்னதாக ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியது. நான் பொருட்படுத்தவில்லை. அரை மணி நேரத்துக்குப் பின், இரு பிள்ளைகளோடு பின்னால் அமர்ந்திருந்த என் மனைவி, "இருக்கை தாலாட்டுவதுபோல் ஆடுகிறதே, உங்களுக்குத் தெரியவில்லையா?" என்றார். ஸ்டீயரிங் அமைதியாக இருந்தது. பேலன்சிங் எடை ஏதேனும் விழுந்திருக்கும், ஹைதராபாதில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஒரு சுங்கச்சாவடி வந்ததால் வேகத்தைக் குறைத்தேன். 30 கிலோமீட்டருக்கு இறங்கியும் ஆட்டம் நிற்கவில்லை.

எடைக் குறைபாடு 30இல் இப்படி ஆட்டாது. ஓட்டுநரின் கேள்விகள் நினைவுக்கு வர, சுங்கச்சாவடியைக் கடந்ததும் ஓரமாக நிறுத்தினேன். நான்கு டயர்களும் பார்வைக்கு நன்றாகவே இருந்தன, காற்றும் குறையவில்லை. அருகிலிருந்த பஞ்சர் கடைக்காரர் குனிந்து, இடது பின்டயரின் உட்பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். எலுமிச்சம்பழ அளவில் ஒரு வீக்கம். பள்ளத்தில் அடிபட்டு உள்ளே இழைகள் அறுந்துவிட்டன; வெளி ரப்பர் மட்டுமே காற்றைத் தாங்கிக்கொண்டிருந்தது. வெயில் ஏறிய சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் அது எந்நேரமும் வெடித்திருக்கலாம். இத்தகைய வீக்கத்துக்கு ஒட்டுப் போடுவதும் கிடையாது. டயரை மாற்றுவதொன்றே வழி.

ஸ்டெப்னியைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டோம். சில வண்டிகளில் ஸ்டெப்னி அளவில் சிறியது. 80க்கு மேல் செல்லலாகாது என்று அதன்மீதே எழுதியிருப்பார்கள். என்னுடையது முழு அளவுடையதாயினும் சேலம் வரை 80ஐத் தாண்ட மனம் வரவில்லை. காரின் வழக்கமான விரிவான காப்பீட்டில் டயர் மட்டும் சேதமானால் இழப்பீடு இல்லை. வண்டியும் உடன் சேதமானால்தான் டயர் விலையில் பாதி வரை கிடைக்கும். ஆகவே புதிய டயர் என் செலவு. இப்போது நீண்ட பயணத்துக்கு முந்தைய நாள் நான்கு டயர்களின் உட்பக்கத்தையும் கையால் தடவிப் பார்க்கிறேன். கை கறுத்துப்போகிறது, ஐந்து நிமிடம் ஆகிறது.