மூலம்தானே என்று விட்டுவிடாதீர்கள்

ஆலங்காயம் சுற்றுவட்டாரக் கிராமங்களில் பொழுது விடிந்ததும் பெண்கள் சோற்று டப்பாவுடன் கம்பெனி வண்டிக்குக் காத்து நிற்கிறார்கள். வாணியம்பாடி, ஆம்பூர் பகுதியின் ஷூ கம்பெனிகளிலும் தோல் பதனிடும் தொழிற்சாலைகளிலும் உழைப்பவர்களில் தலித் மக்கள் ஏராளம். ஒரு நாள் போகாவிட்டால் ஒரு நாள் கூலி போய்விடும். அதனால், படுக்கையில் விழுந்தால்தான் ஆஸ்பத்திரி என்பது வழக்கமாகிவிட்டது.

இந்த வழக்கத்தால் பெரிதும் ஆபத்தாவது பெருங்குடல் புற்றுநோய். குடலின் உட்சுவரில் சிறு மரு போலத் தொடங்கும் சதை வளர்ச்சி, புற்றாக மாறப் பெரும்பாலும் 10 ஆண்டுகள் வரை ஆகும். அதுவரை வலி இருக்காது. அந்த இடைவெளியில் கண்டுபிடித்தால், ஆசனவாய் வழியாகக் கேமரா குழாய் செலுத்திப் பார்க்கும் கொலோனோஸ்கோபியின் போதே அதை அகற்றிவிடலாம். புற்று வராமலே தடுத்துவிடலாம்.

படித்தவர் வீட்டிலும் இந்த நோய் ஏமாற்றியிருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1920-களின் தொடக்கத்தில் மலக்குடல் புற்றுநோயால் இறந்தார். முதலில் அதைச் சீதபேதி என்றே நினைத்து மருத்துவம் பார்த்தார்கள். அந்தத் துயரமே 1954-ல் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை உருவாகக் காரணமானது. நூறு ஆண்டுகள் கழிந்தும் நம் ஊரில், மலத்தில் ரத்தம் என்றால் ‘மூலம், சூடு’ என்று சொல்லிக் கைமருந்தோடு நிறுத்திவிடுகிறோம்.

இதில் வெட்கமும் சேர்ந்துகொள்கிறது. அடுத்தவர் மலத்தை அள்ளும் வேலையை நம் மக்கள் தலையில் கட்டி, அதையே இழிவாகவும் பேசிய சமூகம் இது. அப்படியிருக்க, மலத்தை டப்பாவில் எடுத்து ஆய்வகத்தில் கொடுக்க மனம் கூசுவதில் வியப்பில்லை. கழிப்பறை இல்லாத வீட்டார் இருட்டில் வெளிக்குப் போகிறார்கள். ரத்தம் வந்தாலும் கண்ணில் படாது.

2023 இறுதியில் தமிழக அரசு சமூக அளவிலான புற்றுநோய்ப் பரிசோதனையைத் தொடங்கியபோது, முதலில் தேர்ந்தெடுத்த நான்கு மாவட்டங்களில் திருப்பத்தூரும் ஒன்று. ஆனால் அதில் இடம்பெற்றவை வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்கள் மட்டுமே. பெருங்குடல் சேரவில்லை. எனவே இதை நாமாகத்தான் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும்.

மலத்தில் ரத்தம், சில வாரங்களாக மாறி மாறி மலச்சிக்கலும் பேதியும், காரணமில்லாமல் உடல் இளைத்தல், ரத்தசோகை ஆகியவை இருந்தால் எந்த வயதானாலும் உடனே டாக்டரைப் பாருங்கள். சோர்வுக்குச் சத்து மாத்திரை மட்டும் வாங்கித் திரும்பாதீர்கள்.

அறிகுறி இல்லாவிட்டாலும், 45 முதல் 50 வயதைத் தாண்டியவர்கள் ஆண்டுக்கொரு முறை மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைக் கண்டறியும் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. பெற்றோர், உடன்பிறந்தோருக்கு இந்நோய் வந்திருந்தால் 40 வயதிலேயே, அல்லது அவர்களுக்கு நோய் தெரிந்த வயதுக்கு 10 ஆண்டு முன்பே தொடங்க வேண்டும். ரத்தம் தெரியவந்தால் கொலோனோஸ்கோபி அவசியம். குடலைச் சுத்தம் செய்ய முந்தைய நாளும் தேவை. இரண்டு நாள் கூலி போகலாம். ஆனால் முற்றிய நோய் குடும்பத்தின் பல ஆண்டுச் சம்பாத்தியத்தையே விழுங்கிவிடும்.

உள்ளூர் அரசு மருத்துவமனையில் கேட்டு, அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்குப் பரிந்துரைச் சீட்டு வாங்குங்கள். நோய் உறுதியானால், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை கைகொடுக்கும். விவரம் அறிய 104-க்கு அழைக்கலாம்.

படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேலை: இன்று இரவு அப்பா, அம்மா, தாத்தா, பாட்டியிடம் இதைக் கூச்சமில்லாமல் கேளுங்கள். அடுத்த கிராம சபையில், அரசின் புற்றுநோய்ப் பரிசோதனையில் பெருங்குடலையும் சேர்க்கக் கோரித் தீர்மானம் கொண்டுவரச் சொல்லுங்கள். கேட்பதில் வெட்கம் எதற்கு? அது நம் உரிமை.