வியர்வைக்கும் கணக்கு உண்டு

2016 ஆகஸ்ட் 14. ரியோ ஒலிம்பிக்கில் பெண்கள் மாரத்தான். இந்தியாவின் ஓ.பி.ஜெய்ஷா 42.195 கிலோமீட்டரை 2 மணி 47 நிமிடம் 19 விநாடியில் ஓடி முடித்து, 89-ஆவதாக வந்து, அங்கேயே சுருண்டு விழுந்தார். முந்தைய ஆண்டு பெய்ஜிங்கில் இதே தூரத்தை 2 மணி 34 நிமிடம் 43 விநாடியில் கடந்து தேசியச் சாதனை படைத்தவர் அவர். வழியில் இருந்த இந்திய மேசைகளில் தண்ணீர் தர ஆளே இல்லை என்றார் ஜெய்ஷா. பானம் வேண்டாம் என்று அவர் தரப்புதான் சொன்னது என்றது தடகளச் சம்மேளனம். ஓடும் உடம்புக்குத் தண்ணீர் என்ன செய்கிறது என்ற கேள்வியை அந்தச் சர்ச்சை நாடு முழுக்கக் கொண்டுபோனது.

அந்தக் கேள்வி சென்னையின் மேற்குப் புறநகர்களான ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் பூந்தமல்லிக்கும் நெருக்கமானது. அங்கே பருத்திப்பட்டு ஏரிக்கரையில் விடியற்காலையில் ஓடுகிறவர்களில் ஜனவரி மாதச் சென்னை மாரத்தானுக்குத் தயாராகிறவர்கள் உண்டு. காவலர் தேர்வுக்காக மூச்சைப் பழக்குகிற இளைஞர்களும் உண்டு.

ஓடும்போது தசை செலவழிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய கால் பங்குதான் இயக்கமாகிறது. மீதியெல்லாம் சூடு. அந்தச் சூட்டை வெளியேற்றும் முக்கிய வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பம் போய்விடும். ஆனால் ஆவியாக வேண்டும். சென்னையின் விடியற்காலைக் காற்று குளிர்ச்சியாகத் தோன்றினாலும் ஈரம் நிறைந்தது. சட்டையைப் பிழிந்தால் சொட்டுகிற வியர்வை, உடம்பைக் குளிர்விக்காமலே வீணான தண்ணீர். கோடையில் பொழுது ஏறினால் நிலைமை இன்னும் மோசம். கடற்காற்று மேற்குப் புறநகருக்கு வந்து சேரத் தாமதமாகும்.

வியர்வையாகப் போகும் நீரில் ஒரு பங்கு இரத்தத்திலிருந்து வருகிறது. இரத்தத்தின் அளவு குறைந்தால், இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் இரத்தமும் குறையும். அதை ஈடுகட்ட அது வேகமாகத் துடிக்கிறது. ஒரே வேகத்தில்தான் ஓடுகிறோம், ஆனாலும் நாடித்துடிப்பு ஏறிக்கொண்டே போகிறது. தோலுக்கும் தசைக்கும் இரத்தம் பற்றாமல், உள்சூடு உயர்கிறது, கால் கனக்கிறது. உடல் எடையில் சுமார் 2 சதவீதத்துக்கு மேல் நீர் குறைந்தால், வெயிலில் ஓடும் பலருக்கும் வேகம் தளர்கிறது. எல்லாருக்கும் ஒரே எல்லை இல்லை: எத்தியோப்பியாவின் ஹெய்லே கெப்ரசெலாசி 2009 துபாய் மாரத்தானில் உடல் எடையில் ஏறக்குறைய 10 சதவீதத்தை இழந்தும் வென்றார்.

அதற்காகக் குடம் குடமாகக் குடிப்பதும் ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் இரத்தத்தைப் பரிசோதித்தபோது, 13 சதவீதத்தினருக்குச் சோடியம் இயல்பான அளவுக்குக் கீழே இறங்கியிருந்தது. ஓட்டத்தின் நடுவே மிக அதிகமாகக் குடித்து, எடை கூடியவர்களிடமே இது பெரிதும் காணப்பட்டது. சோடியம் மிகவும் குறைந்தால் மூளை வீங்கும், உயிரே போகலாம்.

எவ்வளவு குடிப்பது என்பதற்கு வீட்டு எடை மெஷினே பதில் சொல்லும். 65 கிலோ உள்ள ஒருவர் ஒரு மணி நேரம் ஓடி, நடுவே 300 மில்லி குடித்து, திரும்பி வந்து உடம்பைத் துடைத்து நின்றால் மெஷின் 64.2 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். எடையில் 800 கிராம் குறைந்திருக்கிறது. குடித்த 300-ஐக் கூட்டினால், அவர் வியர்த்தது ஏறக்குறைய 1.1 லிட்டர். மாசியில் ஓர் அளவு, சித்திரையில் வேறு அளவு வரும். எடை கூடாமலும் 2 சதவீதத்துக்கு மேல் இறங்காமலும் பார்த்து, தாகத்தை மதித்துக் குடித்தால் போதும்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறவர்களுக்கு உப்பும் தேவை. இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. உப்புப் போட்ட நீர்மோரோ கஞ்சித் தண்ணீரோ அந்தக் குறையை நிரப்பும். குளுக்கோஸோடு சேர்ந்தால் குடல் சோடியத்தையும் நீரையும் விரைவாக உறிஞ்சும். 1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில் மருத்துவர் திலீப் மஹலானபிஸ் காலரா நோயாளிகளுக்குக் கொடுத்த உப்பு-சர்க்கரைக் கரைசல் வேலை செய்ததும் இதனால்தான்.

காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். அந்த 7 நிமிடத்தில் பெரிதாக நீர் வற்றிவிடாது. ஆனால் வெறும் வயிற்றில், தண்ணீர் குடிக்காமல், கிரவுண்டில் வெயிலில் காத்து நின்றுவிட்டு ஓடினால், தொடங்கும்போதே உடம்பில் நீர் குறைந்திருக்கும். தேர்வு நடத்துகிறவர்கள் நிழலும் தண்ணீரும் தருவது அவசியம். பயிற்சி எடுக்கிறவர்களும் 10 முதல் 14 நாள் கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்குப் பழக வேண்டும்.

ஓடுகிற ஒருவர் தள்ளாடினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, அது வெறும் களைப்பு என்று விடக்கூடாது. வெப்ப அதிர்ச்சியாக இருக்கலாம். 108-ஐ அழைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திராமல் அவரை நிழலில் கிடத்தி, குளிர்ந்த நீரைத் தொடர்ந்து ஊற்றி, விசிறிவிட வேண்டும். நினைவு தெளியாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.