அழுதால் அவிசுவாசமா?

"மனசு பாரமா இருக்கு" என்று ஒரு பெண் வாய் திறந்தால் போதும், எங்களைப் போன்ற கிறிஸ்தவக் குடும்பங்களில் சிலர், "ஜெபம் போதாது", "விசுவாசிக்கு எதுக்குக் கண்ணீர்?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். பாவம், ஏற்கெனவே துக்கத்தில் இருப்பவள், அழுததே பாவமோ என்ற பயத்தையும் சேர்த்துச் சுமப்பாள். வேதாகமம் அப்படிச் சொல்லவில்லை, சகோதரிகளே.

அன்னாளைப் பாருங்கள். பிள்ளையில்லாத அவளைச் சக்களத்தி பெனின்னாள் வருஷாவருஷம் குத்திக் காட்டுவாள். இவள் சாப்பிடாமல் அழுவாள். புருஷன் எல்க்கானா தேற்றியும் ஆறவில்லை. சீலோவில் சத்தமில்லாமல் உதடு மட்டும் அசைய அவள் ஜெபித்ததைப் பார்த்த ஆசாரியன் ஏலி, குடித்திருக்கிறாள் என்றே நினைத்துவிட்டார். அவளோ, மனதில் இருப்பதைக் கர்த்தரிடம் கொட்டுகிறேன் என்று விளக்கினாள். ஏலியும் நல்ல வார்த்தை சொல்லி அனுப்பினார். அதன்பின் அவள் சாப்பிட்டாள், முகவாட்டமும் போயிற்று. சாமுவேல் பிறந்தது அதற்கப்புறம்தான்! பிள்ளை கிடைக்கும் முன்பே அவள் மனம் ஆறிவிட்டது.

என் தங்கை இரண்டாவது பிரசவத்துக்குப் பின் ஒரு மாதத்துக்கு மேல் அழுதுகொண்டே இருந்தாள். பிள்ளையைத் தூக்கவே பயந்தாள். "நான் கெட்ட தாயாக்கா?" என்று ராத்திரியெல்லாம் கேட்பாள். ஜெபிக்க வந்த ஒருவர், "இது சோதனை, உபவாசம் இரு" என்றார். பால் கொடுக்கிறவளுக்கு உபவாசமா! எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

அப்போது எனக்கு எலியாவின் ஞாபகம்தான் வந்தது. யேசபேலுக்குப் பயந்து ஓடி, சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, சாக வேண்டும் என்று கேட்ட தீர்க்கதரிசி அவர். தேவதூதன் அவரைக் கண்டிக்கவில்லை. தூங்கவிட்டு, எழுப்பி, அடையும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடி தூங்கினார், மறுபடி கொடுத்தான். அதற்குப் பிறகுதான் 40 நாள் பயணம்.

எங்கள் அம்மாவும் அதையே செய்தார்கள். ராத்திரியில் பிள்ளையைத் தன் பக்கத்தில் போட்டுக்கொண்டு தங்கையைத் தூங்கவிட்டார்கள். வேளாவேளைக்குச் சாப்பாடு கொடுத்தார்கள். நான் தினமும் 13-ம் சங்கீதம் வாசிப்பேன். ஆறே வசனம்தான். 'இன்னும் எவ்வளவு நாள்?' என்று தாவீது கர்த்தரிடமே நாலு தரம் முறையிடுகிறார், கடைசியில் நம்பிக்கையோடு பாடுகிறார். அதைக் கேட்ட தங்கை, "நானும் இப்படிக் கேட்கலாமா?" என்றாள். "தாராளமா கேளு" என்றேன். பயத்தைப் பயம் என்றும், கோபத்தைக் கோபம் என்றும் சொல்லி, தன் சொந்த வார்த்தையில் ஜெபிக்க ஆரம்பித்தாள்.

அதோடு அரசு ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரிடமும் கூட்டிப் போனோம். பிரசவத்துக்குப் பின் சில நாள் அழுகை வருவது சகஜம், இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரைப் பார்க்கத்தான் வேண்டும் என்றார். பால் கொடுப்பவர்களுக்கு ஏற்ற மாத்திரை கொடுத்தார். சில மாதங்களில் தங்கை தெளிந்தாள். காய்ச்சலுக்கு மாத்திரை சாப்பிட்டால் யாரும் அவிசுவாசம் என்று சொல்வதில்லையே!

ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்குகிறவர்களுக்கு, 2022-ல் மத்திய அரசு ஆரம்பித்த 'டெலி மானஸ்' போன் சேவை இருக்கிறது. 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. செத்துப் போகலாம் போலிருக்கிறது என்று ஒருத்தி சொன்னால், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். உடனே பேச வையுங்கள், அவளைத் தனியாகவும் விடாதீர்கள்.

லாசருவின் கல்லறையருகே இயேசுவே கண்ணீர் விட்டார். நாம் அழக்கூடாதா? ஆகவே சகோதரிகளே, உங்களிடம் ஒருத்தி அழுதால், "சாப்பிட்டியா? தூங்கினியா?" என்று முதலில் கேளுங்கள். சொல்வதைப் பொறுமையாகக் கேளுங்கள். அப்புறம் சேர்ந்து ஜெபிக்கலாம்.

- ஒரு வாசகி, நாகர்கோவில்