சாயம் போகும் என்று சொல்லி விற்ற சரக்கு

கந்தளாயில் சின்னதாக ஒரு துணிக்கடை நடத்தி வருகிறேன். சாரம், சட்டைத்துணி, பெட்ஷீட் என்று எல்லோரிடமும் உள்ள சரக்குத்தான். அவற்றோடு, எங்கள் பகுதிப் பெண்கள் கையால் தைக்கும் துண்டுத்துணிப் போர்வைகளையும் வாங்கி விற்கிறேன். ஆடைத் தொழிற்சாலைகளில் வெட்டிக் கழித்த துண்டுகளைக் கிலோக் கணக்கில் எடுத்துக் கொடுப்பேன். அவர்கள் இணைத்து, நடுவில் பஞ்சு வைத்துத் தைத்துத் தருவார்கள். ஒரு போர்வைக்குப் பல நாட்கள் பிடிக்கும். அந்தக் கூலியை நம்பி அடுப்பெரியும் வீடுகளும் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் உப்புவெளிப் பக்கமுள்ள ஒரு விடுதி பன்னிரண்டு போர்வைகள் கேட்டது. வெள்ளையும் கடும் சிவப்புமாகத் தைத்துக் கொடுத்தோம். பார்க்க அவ்வளவு அழகு. மூன்றாம் கிழமை தொலைபேசி வந்தது. "முதலாளி, ஒருக்கா கழுவினோம், வெள்ளை எல்லாம் ரோஸ் கலராகிவிட்டது!" பன்னிரண்டையும் திருப்பி எடுத்துப் பணத்தைக் கொடுத்தேன். தைத்தவர்களிடம் கூலியைத் திருப்பிக் கேட்க முடியுமா? துணியை எடுத்துக் கொடுத்தது நான். நட்டம் என்னுடையதுதான்.

தைத்துத் தரும் ராத்தா ஒருவர், "தம்பி, உப்புத் தண்ணியில ஊற வையுங்க, சாயம் நிக்கும்" என்றார். வீட்டில் வினாகிரி என்றார்கள். இரண்டையும் செய்து பார்த்தேன். உப்பும் வினாகிரியும் தீர்ந்ததுதான் மிச்சம்.

பிறகு மருதமுனையைச் சேர்ந்த, கைத்தறிக்கு நூல் சாயமிட்டுப் பழகிய பெரியவர் ஒருவர்தான் விஷயத்தை விளக்கினார். பருத்திக்குச் சாயமிடும் தொட்டியில் உப்புப் போடுவது உண்மை. அது சாயத்தை நூலுக்குள் தள்ளிவிடும். ஆனால், 1956 இல் சந்தைக்கு வந்து இன்று பருத்தியில் பெரிதும் பயன்படும் ரியாக்டிவ் சாயத்தை நூலோடு பிணைப்பது உப்பல்ல, சோடா போன்ற காரம். அந்த வேலை தொட்டியிலேயே முடிந்துவிடுகிறது. கடையில் வாங்கிய துணியை உப்பில் ஊற வைப்பதால் எதுவும் புதிதாகப் பிணையாது. வினாகிரி கம்பளிக்கும் பட்டுக்கும் உரிய சில சாயங்களுக்குத்தான் உதவும்.

அப்படியானால் ஏன் சாயம் போகிறது? பிணையாத மிச்சச் சாயம் நூலில் தங்கியிருப்பதால். அதைச் சுடுநீரில் பலமுறை அலசி எடுக்க வேண்டும். அலசலுக்குத் தண்ணீரும் எரிபொருளும் செலவாகும். மலிவுச் சரக்கில் முதலில் வெட்டப்படுவது அந்தச் செலவுதான். 'டைரக்ட்' என்னும் பழைய வகைச் சாயமோ நூலை லேசாகத்தான் பிடித்திருக்கும். கழுவும் தோறும் கொஞ்சம் போகும். சிவப்பு, கடும் நீலம், கறுப்பு ஆகிய மூன்றையும் சந்தேகத்தோடு பாருங்கள். நிறம் கடுமையானால் சாயமும் அதிகம்.

இன்னொன்றும் சொன்னார். தண்ணீரில் சாயம் இறங்குவது அல்ல சேதம். இறங்கிய சாயம் பக்கத்து வெள்ளையில் குடியேறுவதுதான் சேதம். தண்ணீர் குறைவாக இருந்தால், ஈரத்தோடு குவித்து வைத்தால், அது நடக்கும். கறை பட்டதைக் காய விடாதீர்கள், அயன் பண்ணாதீர்கள். பெரிய பேசினில் கை பொறுக்கக் கூடிய அளவு சுடுநீர், தாராளமாகச் சலவைத்தூள், போர்வை முழுவதும் மூழ்கும்படி இரவு முழுக்க ஊறல். காலையில் தண்ணீர் நிறமாக இருந்தால் மாற்றி மறுபடியும். ப்ளீச் வேண்டாம், அது போர்வையின் சொந்த நிறத்தையும் நூலின் பலத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். எங்கள் பக்கத்துக் கிணற்று நீரோ கடினம். கட்டிச் சவர்க்காரம் அதில் நுரைக்காமல் அழுக்காகத் திரிந்துவிடும். அதனால் தூளே நல்லது. அப்படிச் செய்ததில் பன்னிரண்டில் ஒன்பது தேறின. மிச்சம் மூன்றும் என் வீட்டில்தான் கிடக்கின்றன.

இப்போது துண்டுகளைத் தைக்கக் கொடுக்கும் முன்பே என் முற்றத்தில் சாயத்தைப் போக வைக்கிறேன். நிறம் பிரித்து, நூல் பிரியாதிருக்க வெங்காயம் வரும் வலைப் பைகளில் கட்டிச் சுடுநீரில் அலசுவோம். பிறகு நிறத்துண்டோடு ஒரு வெள்ளைத் துண்டைச் சலவை நீரில் போட்டுப் பார்ப்போம். வெள்ளை வெள்ளையாகவே வந்தால் தேர்ச்சி. ஆய்வுகூடங்களில் ஐ.எஸ்.ஓ. 105 முறைப்படி பார்ப்பதும் இதைப் போன்றதுதான். அங்கே வெள்ளையில் ஏறிய கறைக்கு 1 முதல் 5 வரை புள்ளி போடுவார்கள். 5 என்றால் கறையே இல்லை. நான்கு தடவை அலசியும் அடங்காத துண்டு கராஜுக்குத் துடைப்புத் துணியாகப் போகிறது.

இதில் செலவு கூடுகிறது. விறகு, தூள், அலசும் பெண்ணின் நாட்கூலி. "அடுத்த கடையில் குறைவு" என்று வாடிக்கையாளர் முகத்துக்கு நேரே சொல்லும்போது கசக்கத்தான் செய்கிறது.

ஆனால் ஒரு கதையை எண்ணிக்கொள்வேன். நாம் உடுக்கும் பலயகாட் சாரம், பழவேற்காட்டின் பெயரைத் தாங்கியது. அதே கரையோரத்துக் கட்டம் போட்ட கைத்தறித் துணிதான் உலகச் சந்தையில் 'மெட்ராஸ்'. பின்னாளில் லீலா ஹோட்டல்களை நிறுவிய கேப்டன் கிருஷ்ணன் நாயர், 1958 இல் அமெரிக்க இறக்குமதியாளர் ஒருவருக்கு அந்தத் துணியை விற்றபோது, குளிர்ந்த நீரில் மெதுவாகத் துவைக்க வேண்டும் என்று சொல்லியே கொடுத்தாராம். அந்த வார்த்தை சட்டை வாங்கியவர்களைப் போய்ச் சேரவில்லை. சாயம் ஓடியது, புகார் குவிந்தது, வழக்கு வரை பேச்சு வந்தது. கடைசியில், துவைக்கத் துவைக்க நிறம் கலந்து புதிதாகும் அதிசயத் துணி என்று ஒரு சஞ்சிகையில் எழுத வைத்தார்களாம். 'சாயம் போகும், உத்தரவாதம்' என்பதே விளம்பரமாகி விற்றதாகச் சொல்வார்கள். துணி மாறவில்லை. வாங்குபவருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

கொஞ்சம் அதிகப்படியான கெட்டித்தனம் என்றும் எனக்குத் தோன்றுகிறது. நம் நாட்டில் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், வாங்குபவரைத் தவறாக வழிநடத்துவதைக் குற்றமாக்கி இருக்கிறது. சட்டத்துக்கு முன்பே, சரக்கின் குறையைச் சொல்லி விற்கும்படி நமக்கு மார்க்கம் சொல்லித் தந்திருக்கிறது.

என் போர்வைகளில் இப்போது தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் ஒரு சீட்டுத் தைத்திருக்கும். குளிர்ந்த நீரில் தனியாகத் துவைக்கவும், ஈரத்தோடு மடிக்க வேண்டாம், நிழலில் உடனே விரிக்கவும், முதல் இரண்டு சலவையில் சிறிது சாயம் போகலாம். சுடுநீரில் அலசிவிட்டுக் குளிர்நீர் என்கிறீர்களே என்று கேட்பார்கள். சாயத்தை வெளியே எடுக்கச் சூடு, உள்ளே இருக்க விடக் குளிர். அந்தச் சீட்டைப் படித்துவிட்டுப் போர்வையைக் கீழே வைத்துப் போனவர்களும் உண்டு.

போன பருவத்தில் அதே விடுதியிலிருந்து மறுபடியும் அழைப்பு வந்தது. ஆறு போர்வைகள் வேண்டுமாம். ஒரே நிபந்தனை, சிவப்பு கூடாது. கடும் நீலத்தில் அனுப்பினேன், சீட்டோடு.