பெருங்குடலில் ஒரு கொழுப்புக் கட்டி

மலத்தோடு இரத்தம் போகிறது என்றால் நம்மவர் சொல்லும் சொல் ஒன்றே: மூலம். சித்தூரிலும் திருப்பதியிலும் குடியிருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களிலும் இவ்வழக்கம் மாறவில்லை. துத்திக் கீரையை வதக்கி உண்டு, காரத்தைக் குறைத்து, மாதங்களைக் கழித்து விடுகிறோம். மூலமாகவே இருக்கலாம், புற்றாகவும் இருக்கலாம். இவ்விரண்டும் அல்லாத ஒன்றும் அரிதாக உண்டு. அதனைப் பற்றியே இங்குக் கூறப் புகுந்தோம்.

முதுகிலும் கையிலும் தோலின் அடியில் உருளும் கொழுப்புக் கட்டியைப் பலரும் கண்டிருப்போம். அதே இனக் கட்டி பெருங்குடலின் உட்சவ்வுக்குக் கீழும் வளர்வதுண்டு. வலப்பக்கக் குடலிலேயே மிகுதி. அது புற்றன்று. சிறியதாயின் ஆயுள் முழுதும் இருக்குமிடம் தெரியாது. இரண்டு சென்டிமீட்டரைக் கடந்தபின்தான் பெரும்பாலும் தொல்லை: வயிற்று வலி, இரத்தக் கசிவு, மலப்போக்கில் மாறுதல். சில வேளை குடல் இக்கட்டியை உணவைப் போல முன்னே தள்ள முயல்கிறது. அப்போது சட்டைக் கை உள்மடிவதுபோலக் குடலின் ஒரு பகுதி அடுத்ததற்குள் நுழைந்து கொள்கிறது. இதுவே குடல் செருகல். வயிறு உப்பி, வாந்தியும் விட்டுவிட்டு வரும் கடும் வலியும் கண்டால் கைவைத்தியத்துக்கு அங்கே இடமில்லை.

உள்நோக்குக் குழாயைச் செலுத்திப் பார்த்தால் கட்டி மஞ்சளாய், வழுவழுப்பாய்த் தோன்றும். அமுக்கினால் தலையணைபோல் குழிந்து மீளும். ஆனால் கிள்ளியெடுக்கும் துணுக்கில் மேற்சவ்வு மட்டுமே வருவதால் சோதனை பல வேளை ஒன்றும் காட்டாது. 'ஒன்றுமில்லை' என்ற அந்தத் தாளை நம்பி வீடு திரும்புவது தவறு. சி.டி. ஸ்கேன் படத்தில் கொழுப்பு தனக்கேயுரிய கருமையோடு தெரியுமாதலால், பெரிய கட்டியில் ஐயம் பெரும்பாலும் அங்கே நீங்கும். எனினும் மேற்புறம் புண்பட்ட கட்டி புற்றைப் போலவே தோன்றி மருத்துவரையும் மயக்குவதுண்டு.

1969-இல் நியூயார்க்கில் வுல்ஃப், ஷின்யா என்னும் இரு மருத்துவர்கள், வயிற்றைக் கிழிக்காமல், குழாய்வழியே கம்பிச் சுருக்கிட்டுக் குடலின் தசை வளர்ச்சியை அகற்றிக் காட்டினர். காம்புடைய கொழுப்புக் கட்டிக்கு இம்முறை பொருந்தும். அடி அகன்ற பெருங்கட்டிக்கோ எச்சரிக்கை வேண்டும்: கொழுப்பில் மின்சாரம் எளிதில் பாயாது, நெடுநேரம் சூடு செலுத்தினால் குடற்சுவர் துளைபடலாம். அத்தகையோர்க்கு அறுவையே தகும். செருகலோ புற்று என்ற ஐயமோ இருப்பின், அப்பகுதிக் குடலையே வெட்டி இணைப்பர்.

திருப்பதியில் ஸ்ரீ வெங்கடேசுவரா மருத்துவ விஞ்ஞான நிறுவனம் உண்டு. சித்தூரார்க்கு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் அண்மையே. எங்கே சென்றாலும், அகற்றிய கட்டியை நுண்ணோக்கியில் சோதித்த அறிக்கையைக் கேட்டு வாங்கி, அதன் பொருளை மருத்துவரிடமே விளக்கிக்கொள்ள வேண்டும். தெலுங்கு தடுமாறினால் கூச்சப்படாது தமிழில் கேட்கலாம். அப்பக்கத்து மருத்துவமனைகளில் தமிழறிந்தவர் யாரேனும் இருப்பர்.