பயிற்சி ஓட்டமும் பந்தயப் பணமும்

ஈப்போ பந்தயத் திடலில் குதிரைகளின் காலைப் பயிற்சி ஓட்டத்தைப் பார்த்துப் பணம் கட்டினால் வெற்றி நிச்சயமா?

குதிரை நொண்டுகிறதா, சுறுசுறுப்பாக இருக்கிறதா என்பது கண்ணுக்குத் தெரியும். ஆனால், முழு வேகத்தில் விட்டார்களா, கடிவாளத்தை இழுத்துப் பிடித்தார்களா என்பது பயிற்சியாளருக்கே வெளிச்சம்.

மேலும், நாம் கண்டதைப் பிறரும் காண்கிறார்கள். ‘டோட்’ முறையில் எல்லார் பணமும் ஒன்றாகச் சேர்ந்து, கழிவு போக எஞ்சியதே வென்றவர்களுக்குப் பங்காகிறது. எஞ்சியது 4,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். வென்ற குதிரைமேல் 100 சீட்டுகள் இருந்தால் சீட்டுக்கு 40 வெள்ளி. 400 இருந்தால் 10 வெள்ளிதான்.

ஆகவே, பயிற்சி ஓட்டம் குதிரையைக் காட்டும், இலாபத்தைக் காட்டாது. அன்று பால்மரம் வெட்டிய கூலியாயினும், இன்று ஆலையில் பெறும் சம்பளமாயினும், வீட்டுச் செலவுப் பணத்தை அதை நம்பிக் கட்டலாகாது.