செப்பேடும் மென்பொருளும்

வாகூரில் 9ஆம் நூற்றாண்டில் விளங்கிய வித்தியாஸ்தானம் என்னும் உயர்கல்விக் கழகத்திற்கு, பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில் மூன்று ஊர்கள் கொடையாக வழங்கப்பெற்றன. இச்செய்தியைக் கூறும் வாகூர்ச் செப்பேடுகள் 1879ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பெற்றவை. வரலாற்றறிஞர் இவற்றைத் தென்னாட்டுக் கல்வி வரலாற்றுக்குச் சான்றாகக் காட்டுவர். ஈண்டு அவற்றை ஒரு கல்வி நிலையத்தின் உடைமைப் பதிவேடாக நோக்குவோம். கொடுக்கப்பட்டது எது என்ற வினாவிற்கு, ஊர்களின் எல்லையைக் கூறும் தமிழ்ப்பகுதி விடை தருகிறது. அப்பதிவை மாற்றவல்லவர் யார் என்ற வினாவிற்கு, ஏடுகளைக் கோத்த வளையமும் அரச முத்திரையும் விடை தருகின்றன. வளையத்தை அறுக்காமல் ஓர் ஏட்டைச் செருகவோ உருவவோ இயலாது. அறுத்தாலோ அறுத்த தடமே காட்டிக்கொடுத்துவிடும்.

வில்லியனூர், வாகூர் கொம்யூன்களில் இன்று இயங்கும் கல்வி நிலையங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் தம் இருப்புப் பதிவேட்டைக் கணிப்பொறிக்கு மாற்ற முற்படும்போது எதிர்கொள்பவையும் இவ்விரு வினாக்களே. இது கணிப்பொறித் துறையாரின் வேலையன்றோ, தமிழாசிரியருக்கு இதில் என்ன பங்கு எனச் சிலர் வினவலாம். துறை நூலகத்தில் ஒரு நூல் குறைந்தால் விளக்கம் எழுதித் தர வேண்டியவர் தமிழாசிரியரே என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

மென்பொருளைத் தேர்வதற்கு முன் உடைமையின் இயல்பை அறிதல் வேண்டும். நூல் வெளியே சென்று திரும்பி வருவது. கணிப்பொறி ஓரிடத்தில் இருந்தவாறே உறுப்புகள் மாறிப் பழுதடைவது. மனையும் நிலமும் அசையாதவை. இம்மூன்றுக்கும் ஒரே மென்பொருள் போதும் என்று விற்பனையாளர் கூறுவராயின் சற்றுத் தயங்குதல் நலம்.

நூலகத்திற்கு நடுவண் அரசு சார்ந்த இன்ஃபிலிப்நெட் மையம் உருவாக்கிய ‘சோல்’ மென்பொருளும், கட்டற்ற மென்பொருளாகிய ‘கோஹா’வும் பல கல்லூரிகளில் பயன்படுகின்றன. கோஹா நியூசிலாந்தில் ஒரு சிறு வட்டாரத்தின் பொது நூலகத்திற்காக எழுதப்பட்டு 2000ஆம் ஆண்டு சனவரியில் பயனுக்கு வந்தது. மாவோரி மொழியில் அச்சொல்லுக்குக் கொடை என்பது பொருள். நடுவண் அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள், 20,000 நூல்கள் வரை உள்ள நூலகத்தை ஆண்டுதோறும் முழுமையாகச் சரிபார்க்க வேண்டும் என்கின்றன. நேர்மைக் குறைவோ கவனக்குறைவோ காரணமாகாதவிடத்து, வழங்கிய 1,000 நூல்களுக்கு 5 வரை குறைவதை ஏற்கலாம் என்றும் கூறுகின்றன. அடுக்கிலுள்ள நூல்களின் பார்கோடுகளைப் படித்துத் தந்தால் காணாதவை எவை, இடம் மாறியவை எவை எனக் கோஹா பிரித்துக் காட்டும். கோடை விடுமுறையில் பல நாள் நிகழும் பணி பெரிதும் சுருங்கிவிடும்.

கணிப்பொறிகளையும் ஆய்வகக் கருவிகளையும் பதிய ‘ஜிஎல்பிஐ’ என்னும் கட்டற்ற மென்பொருள் உண்டு. பிரெஞ்சு நாட்டில் 2003ஆம் ஆண்டில் தோன்றியதாதலின் புதுச்சேரியார்க்கு அதன்பால் ஓர் உறவுணர்வு எழக்கூடும். அதனை நிறுவியவுடன் நான்கு பயனர் கணக்குகள் தாமே அமைகின்றன. அவற்றின் கடவுச்சொற்கள் உலகறிந்தவை. அவற்றை முதல் நாளே மாற்றாதவர் பூட்டை வாங்கித் திறவுகோலை அதிலேயே தொங்கவிட்டவராவார். மேலும் 2022ஆம் ஆண்டில், கடவுச்சொல் இன்றியே வெளியார் உட்புகக்கூடிய ஒரு குறை அதில் வெளிப்பட்டது. அதற்கான திருத்தம் அவ்வாண்டு செப்டம்பரில் 10.0.3 பதிப்பாக வந்தது. திருத்தத்தை ஏற்றாத இடங்கள் தாக்குதலுக்கு உள்ளாயின. விலையில்லாப் பொருளுக்கும் பராமரிப்புச் செலவு உண்டு. அப்பணியைச் செய்யும் ஆள் யார் என்பதை முடிவு செய்யாமல் மென்பொருளை முடிவு செய்தல் கூடாது.

இனி உரிமை பற்றிய வினா. அலுவலகம் முழுமைக்கும் ஒரே கடவுச்சொல், அதுவும் திரையின் ஓரத்தில் ஒட்டிய தாளில் காணப்படும் நிலை நாம் அறியாததன்று. ஒருவர்மேல் ஒருவருக்குள்ள நம்பிக்கையே இதற்குக் காரணம் என்பர். பொருள் காணாமற்போகும் நாளில் அந்நம்பிக்கையே குற்றமற்றவரையும் ஐயத்திற்கு உள்ளாக்குகிறது. யார் மாற்றினார் என்பதற்குச் சான்று இல்லாமற்போகிறது. தனித்தனிக் கணக்கு ஊழியரைக் காப்பதற்கும் உரியது என்பதைப் பலர் எண்ணுவதில்லை.

சமுதாயப் பெரியோர் அறிந்த ஓர் எடுத்துக்காட்டு உண்டு. வக்ஃபுச் சொத்துகளைப் பதிய நடுவண் அரசு 2025 சூன் 6 அன்று தொடங்கிய ‘உமீத்’ தளத்தில், விவரங்களை முத்தவல்லி பதிவிடுகிறார். வாரிய அலுவலர் சரிபார்க்கிறார். அதன் பின்னரே உரிய அதிகாரி ஒப்புதல் அளிக்கிறார். அத்தளத்தைப் பற்றிய பிற வாதங்கள் இருக்கட்டும். பதிவிடுபவரும் ஒப்புதல் தருபவரும் ஒருவராதல் கூடாது என்ற இவ்வமைப்பு சிறு கல்லூரிக்கும் பொருந்தும். ஆய்வக உதவியாளர் பதியலாம், துறைத்தலைவர் ஒப்பலாம், தாளாளர் பார்வையிடலாம். நீக்கும் உரிமை எவர்க்கும் தனித்து இருத்தல் ஆகாது. ஒருவர் பணி மாறிச் செல்லும் நாளில் சாவிக்கொத்தை வாங்கிக்கொள்வது போலவே அவர்தம் கணக்கையும் முடக்குதல் வேண்டும். மாற்றியவர், மாற்றிய நேரம், மாற்றத்திற்கு முன்பிருந்த விவரம் ஆகியன தானே பதியும் நாட்குறிப்பு இல்லாத மென்பொருளை, எத்துணை அழகிய திரை உடையதாயினும் விலக்கலாம். முத்திரை வளையத்தின் வேலையை இன்று செய்வது அந்நாட்குறிப்பே.

வாங்குமுன் விற்பனையாளரிடம் ஒரு செயலைச் செய்துகாட்டச் சொல்வது பயன் தரும். பத்துப் பொருள்களைத் தமிழ்ப் பெயரிலேயே பதியச் செய்து, அப்பட்டியலை வேறு மென்பொருள் படிக்கத்தக்க கோப்பாக வெளியே எடுத்துத் தரும்படி கேட்க வேண்டும். தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாகச் சிதைந்து வந்தாலோ, அதற்குத் தனிக் கட்டணம் என்றாலோ அவரிடம் விடைபெறலாம். ஆண்டு இறுதியில் அப்பட்டியலை அச்சிட்டு முதல்வரும் துறைத்தலைவர்களும் கையொப்பமிட்டு இரும்புப் பெட்டியில் வைப்பதற்கும், மழைக்காலம் வருமுன் அதன் நகல் ஒன்றை வேறொரு கட்டடத்தில் வைப்பதற்கும் தனிச் செலவு எதுவும் இல்லை.